சேகா போன வழியில்தான் எக்ஸ்பொக்ஸும் போகிறதா?

புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தம்பி மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸுக்கே உரியவை என்று பெயர் பெற்ற கேம்கள் ஒவ்வொன்றாகச் சோனியின் பிளேஸ்ரேஷனுக்கும் வருகின்றனவே, முன்பு சேகா செய்ததைப்போல மைக்ரோசொஃப்டும் கொன்சோல் செய்வதைக் கைவிடப் போகிறதா என்பது முதலாவது. பில்லியன் கணக்கில் பணம் கொடுத்து ஸ்ரூடியோக்களை வாங்கியவர்கள் பிறகு அவற்றையே ஏன் மூடுகிறார்கள் என்பது இரண்டாவது. சேர்த்து வைத்த காசில் பாவித்த கொன்சோல் ஒன்றை வாங்க நினைத்திருக்கும் தான் எதை வாங்கலாம் என்பது மூன்றாவது.

தம்பி, மூன்றாவது கேள்விக்கான விடைதான் உங்களுக்கு அவசரம் என்பது விளங்குகிறது. ஆனாலும் முதல் இரண்டையும் பேசாமல் அதற்கு வர முடியாது. ஒரு நிறுவனம் கொன்சோலை விட்டுப் போனால் அதை வாங்கியவருடைய கையில் என்ன மிஞ்சும் என்பதைப் பார்த்துத்தான் எதை வாங்குவது என்று தீர்மானிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. சேகா போனபோது அதன் பெட்டியை வாங்கியவர்கள் விளையாடிக்கொண்டிருந்த எதையும் பெரிதாக இழக்கவில்லை. இன்றோ நிறுவனம் நல்ல இலாபத்தோடு நிமிர்ந்து நிற்கும்போதே வாங்கியவர் இழக்கிறார். எக்ஸ்பொக்ஸ் பற்றிய செய்திகளையும் இந்தக் கண்ணால்தான் வாசிக்க வேண்டும்.

சேகாவின் கதையை, அதன் கடைசிக் கொன்சோலை வைத்து, "ட்ரீம்காஸ்ட் நல்ல பெட்டி, பிளேஸ்ரேஷன் 2 வந்து விழுத்திவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விழுந்தது 2001 இல் என்றாலும் அதற்கான அடி 1994, 1995 ஆம் ஆண்டுகளிலேயே விழுந்துவிட்டது. 1988 இல் யப்பானில் வெளியான சேகாவின் மெகா ட்ரைவ் கொன்சோல், 1991 இல் சோனிக் என்ற கேம் வந்தபின் அமெரிக்காவில் நின்ரெண்டோவுக்கு நேருக்கு நேர் நின்று போட்டி போட்டது. அதன் ஆயுளை நீட்டிக்கவென்று 1994 நவம்பரில் அதன்மேல் பூட்டும் 32எக்ஸ் என்ற மேலிணைப்பை 159 டொலருக்கு அமெரிக்கக் கடைகளில் சேகா வைத்தது. அதே மாதத்தில் யப்பானில் சற்றேர்ன் என்ற முற்றிலும் புதிய கொன்சோலையும் வெளியிட்டது. இன்னும் சில மாதங்களில் பயனற்றுப் போகப்போகிற ஒரு பொருளை நல்ல பிள்ளைபோல விற்ற நிறுவனத்தை, அதற்குக் காசு கொடுத்த பெற்றோர் அடுத்த முறை நம்புவார்களா?

அடுத்த அடி 1995 மே 11 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதலாவது ஈ3 கேம் கண்காட்சியில் விழுந்தது. சற்றேர்ன் செப்டெம்பரில்தான் அமெரிக்காவுக்கு வரும் என்று சேகா முன்பே அறிவித்திருந்தது. சோனியை முந்த வேண்டும் என்ற பதற்றத்தில், விலை 399 டொலர் என்றும் பெட்டிகள் ஏற்கெனவே தெரிவுசெய்யப்பட்ட சில கடைகளுக்குப் போய்விட்டன என்றும் சேகாவின் அமெரிக்கத் தலைவர் அந்த மேடையில் அறிவித்தார். அதே நாளில் சோனியின் முறை வந்தபோது அதன் அமெரிக்கக் கேம் பிரிவுத் தலைவர் ஸ்ரீவ் ரேஸ் மேடையேறி, "299" என்று ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். இந்தத் தொழிலின் வரலாற்றில் இதைவிடச் சுருக்கமான மேடைப்பேச்சு கிடையாது. நூறு டொலர் வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த நாளின் பெரிய சேதம் கடைக்காரர்களிடத்தில் நேர்ந்தது. பெட்டி கிடைக்காத பெரிய விளையாட்டுப் பொருட்கடைகள் தாங்கள் அவமதிக்கப்பட்டதாகக் கருதின. கேபி ரொய்ஸ் என்ற கடைத்தொடர் சேகாவின் பொருட்களையே விற்க மறுத்தது. செப்டெம்பரைக் குறிவைத்து வேலை செய்துகொண்டிருந்த கேம் உருவாக்குநர்களிடம் மே மாதத்தில் முடிந்த கேம்கள் இருக்கவில்லை. புதிய பெட்டியை வாங்கியவர் வீட்டில் போட்டு விளையாட விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்களே இருந்தன.

ஆகவே 1998 நவம்பரில் யப்பானிலும் 1999 செப்டெம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவிலும் ட்ரீம்காஸ்ட் வெளியானபோது, பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தும், வாங்குகிறவர், விற்கிறவர், கேம் செய்கிறவர் ஆகிய மூவரிடமும் சேகாவுக்கு நம்பிக்கைக் கடன் நிறைய மிஞ்சியிருந்தது. உதைபந்து போன்ற விளையாட்டுகளின் கேம்களில் அப்போதே பெரும்புள்ளியான எலெக்ரோனிக் ஆர்ட்ஸ் ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேமும் தரவில்லை. 2000 மார்ச்சில் யப்பானில் வந்த பிளேஸ்ரேஷன் 2 டீவீடி படமும் காட்டியது. டீவீடி பிளேயர் வாங்க நினைத்திருந்த குடும்பம், கேமும் விளையாடலாமே என்று அதையே வாங்கிக்கொண்டது. 2001 சனவரி 31 ஆம் திகதி, ட்ரீம்காஸ்ட் உற்பத்தி மார்ச்சோடு நிறுத்தப்படும் என்று சேகா அறிவித்தது. அப்போது சேகாவின் தலைவராக இருந்த இசாவோ ஒகாவா, ஏறக்குறைய 695 மில்லியன் டொலர் பெறுமதியான தன் சொந்தப் பங்குகளை நிறுவனத்துக்கே கொடுத்துவிட்டு அந்த மார்ச் மாதத்திலேயே காலமானார். கம்பனிக்காரர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் வாய்ப்பதில்லை. இந்த மனிதரைப் பற்றிச் சொல்லலாம். அந்த ஆண்டு முடிவதற்குள் சோனிக், நேற்றுவரை எதிரியாக இருந்த நின்ரெண்டோவின் கேம்கியூப்பில் ஓடிக்கொண்டிருந்தது. இதைத்தான் இன்று எல்லோரும் எக்ஸ்பொக்ஸோடு ஒப்பிடுகிறார்கள்.

ஒப்பீடு வெளித்தோற்றத்தில் பொருந்துகிறது. 2024 பெப்ரவரியில் நான்கு கேம்களை மற்றக் கொன்சோல்களுக்குத் தருவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. 2025 இல் ஃபோர்சா ஹொரைசன் 5, கியர்ஸ் ஒஃப் வோர் ஆகியவை பிளேஸ்ரேஷன் 5 க்கு வந்தன. அந்த ஒக்டோபரில், எக்ஸ்பொக்ஸின் குலதெய்வம் என்றே சொல்லக்கூடிய ஹேலோவின் முதல் கதை புதுப்பிக்கப்பட்டு 2026 இல் பிளேஸ்ரேஷனிலும் வெளிவரும் என்ற அறிவிப்பும் வந்தது. ஹேலோவை முதலில் உருவாக்கிய பன்ஜி ஸ்ரூடியோவை 2022 இலேயே சோனி 3.6 பில்லியன் டொலருக்கு வாங்கிவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்தால் தலை சுற்றும்.

ஆனால் காரணம் வேறு. சேகாவிடம் பணம் இல்லை. கொன்சோலை விடாவிட்டால் நிறுவனமே இல்லாமல் போயிருக்கும். மைக்ரோசொஃப்டுக்குப் பணம் ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. எக்ஸ்பொக்ஸ் 360 இல் பழுதைக் காட்டும் சிவப்பு வளையம் எரிந்து பெட்டிகள் செத்துக்கொண்டிருந்தபோது, 2007 யூலையில் அவற்றைத் திருத்திக் கொடுப்பதற்கென்று ஒரு பில்லியன் டொலருக்கும் மேல் ஒதுக்கிவிட்டு அந்நிறுவனம் தன்பாட்டில் நடந்தது. சேகாவுக்கு அந்த அடி விழுந்திருந்தால் அன்றைக்கே கடையைப் பூட்டியிருப்பார்கள். 2014 இல் 2.5 பில்லியன் டொலருக்கு மைன்கிராஃப்டை வாங்கியபோதும் அதைப் பிளேஸ்ரேஷனிலிருந்து எடுக்காமல் அங்கேயே விற்றுக் காசு பார்த்தார்கள். போட்டியாளருடைய பெட்டியிலும் தங்கள் கேமை விற்பது மைக்ரோசொஃப்டுக்குப் பத்து ஆண்டுக்கு மேலான பழக்கம். இப்போது அது ஹேலோ வரைக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எக்ஸ்பொக்ஸ் உண்மையில் வழுக்கியது 2013 இல். அந்த ஆண்டின் மே மாதத்தில் எக்ஸ்பொக்ஸ் வன் அறிமுகமானபோது, பெட்டி 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்புகொண்டு கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றும், பாவித்த இறுவட்டுகளை இன்னொருவருக்குக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு இருக்கும் என்றும் தெரியவந்தது. இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டபோது, அவர்களுக்காகத்தான் எக்ஸ்பொக்ஸ் 360 இருக்கிறதே என்று அப்போதைய தலைவர் டொன் மற்றிக் பதில் சொன்னார். அந்த ஆண்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமங்களில் பல வீடுகளுக்கு மின்சாரமே வந்து சேர்ந்திருக்கவில்லை. நாளுக்கொரு முறை இணையத்தில் முகம் காட்ட வேண்டிய பெட்டி எங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல என்பது வெளிப்படை. எங்களுக்காக இல்லாவிட்டாலும், அமெரிக்காவிலேயே எழுந்த எதிர்ப்பினால் யூன் மாதத்தில் அந்த விதிகளைத் திரும்பப் பெற்றார்கள். சோனி தன் பெட்டியை நூறு டொலர் குறைவாக விற்றது. ஒரு கேமை நண்பருக்குக் கொடுப்பது எப்படி என்று விளக்கும் காணொளி ஒன்றில், ஒருவர் இன்னொருவர் கையில் இறுவட்டைக் கொடுப்பதை மட்டும் காட்டிக் கேலியும் செய்தது. அன்று அது நல்ல பகிடி. பின்னாளில் இறுவட்டுத் தட்டு இல்லாத பிளேஸ்ரேஷனைச் சோனியே விற்றதனால் பகிடி கொஞ்சம் புளித்துப்போய்விட்டது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை. எக்ஸ்பொக்ஸ் என்ற பெயர் போகாது. பெட்டியின் முக்கியத்துவம் தேயும். 2025 ஒக்டோபரில் வந்த கையடக்கக் கருவியை ஏசுஸ் நிறுவனம் செய்ய, எக்ஸ்பொக்ஸ் தன் பெயரையும் மென்பொருளையும் கொடுத்தது. அதே மாதத்தில், மாதக் காசு கட்டிப் பல கேம்களை விளையாடும் கேம் பாஸ் அல்ரிமேற் சந்தாவை 19.99 டொலரிலிருந்து 29.99 டொலராக உயர்த்தினார்கள். 2019 இல் அதே பெயருள்ள சந்தா 14.99 டொலர். மாதாமாதம் சந்தா கட்டுபவர்தான் இவர்களுக்கு வேண்டியவர். பெட்டி வாங்குபவர் அந்தச் சந்தாவுக்கு வந்து சேரும் வழிகளில் ஒன்று மட்டுமே.

இரண்டாவது கேள்வியான வாங்குவதும் மூடுவதும் பழைய வியாதி. அதற்கு ஒரு குடும்ப வரலாறே உண்டு. 1972 இல் தொடங்கிய அட்டாரியை 1976 இல் வோர்னர் நிறுவனம் 28 மில்லியன் டொலருக்கு வாங்கியது. கசெற்றில் தங்கள் பெயரைப் போடுவதுமில்லை, விற்பனையில் பங்கு தருவதுமில்லை என்று மனம் வெறுத்த நான்கு நிரலாளர்கள் வெளியேறி, மற்றவர்களோடு சேர்ந்து 1979 இல் அக்ரிவிஷனைத் தொடங்கினார்கள். கொன்சோல் செய்யாமல், மற்றவர்களின் கொன்சோலுக்குக் கேம் மட்டும் செய்யும் முதல் நிறுவனம் அதுதான். கேம் செய்கிறவனுக்கு மரியாதை வேண்டும் என்று பிறந்த அதே நிறுவனம், பின்னர் பிளிஸார்ட் என்ற இன்னொரு கேம் நிறுவனத்தோடு சேர்ந்து பெருத்து, 2023 ஒக்டோபரில் 68.7 பில்லியன் டொலருக்கு மைக்ரோசொஃப்டின் கைக்குப் போனது. மூன்று மாதம் கழித்து, 2024 சனவரியில், மைக்ரோசொஃப்டின் கேம் பிரிவில் 1,900 பேர் வேலை இழந்தார்கள்.

அந்த மே மாதத்தில் டாங்கோ கேம்வேர்க்ஸ் என்ற யப்பானிய ஸ்ரூடியோவை மூடினார்கள். அது செய்த ஹை-ஃபை ரஷ் வெற்றி என்று மைக்ரோசொஃப்டே முன்னர் வாயாரச் சொன்ன கேம். வெற்றி பெற்றவர்களையே ஏன் மூட வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவ்வளவு பெரிய தொகையைக் கொடுத்து வாங்கியபின் அந்தத் தொகையை நியாயப்படுத்தும் அளவுக்கு வருமானம் காட்ட வேண்டும். அக்ரிவிஷனின் கோல் ஒஃப் டியூட்டி போன்ற ஒரு கேமால்தான் அது முடியும். இருநூறு பேருக்கும் குறைவானவர்கள் சேர்ந்து செய்கிற ஒரு நல்ல கேம் அந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. டாங்கோவை அந்த ஓகஸ்டிலேயே தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் எடுத்துக்கொண்டது என்பதால் அந்தக் கதை மட்டும் ஓரளவு நல்லபடி முடிந்தது. 2025 யூலையில் கைவிடப்பட்ட பேர்ஃபெக்ற் டார்க் கேமுக்கும், அதைச் செய்துகொண்டிருந்து அத்தோடு மூடப்பட்ட ஸ்ரூடியோவுக்கும் அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. ட்ரீம்காஸ்டுக்குக் கேம் தர மறுத்த எலெக்ரோனிக் ஆர்ட்ஸையே 55 பில்லியன் டொலருக்கு வாங்குவதாகச் சவூதி அரச முதலீட்டு நிதியமும் இரண்டு அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களும் 2025 செப்டெம்பரில் அறிவித்தன. அதில் 20 பில்லியன் கடன். கடனின் வட்டியை யாராவது உழைத்துத்தான் கட்ட வேண்டும். அடுத்த வேலைநீக்கச் செய்தி எங்கிருந்து வரும் என்று ஊகிக்கச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை.

இந்த நிறுவனங்கள் எவற்றின் பெயரும் தெரியாமலேதான் வன்னியில் ஒரு தலைமுறை கேம் விளையாடியது என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றாவது விடை அதில்தான் இருக்கிறது. தொண்ணூறுகளிலிருந்து போர் முடியும்வரை வவுனியாவுக்கு வடக்கே வன்னியின் பெரும்பாலான ஊர்களில் பொது மின்சாரம் இருக்கவில்லை. 2002 இல் சமாதான காலம் தொடங்கி ஏ9 வீதி திறந்தபின் ஓமந்தை தாண்டி வந்த பொருட்களில் "ரிவி கேம்" என்று நாங்கள் சொன்ன பெட்டியும் ஒன்று. அது 1983 யூலையில் யப்பானில் நின்ரெண்டோ வெளியிட்ட ஃபமிகொமின் போலி. அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பெட்டியில் நின்ரெண்டோ ஒரு பூட்டுச் சில்லை வைத்து, தான் அனுமதிக்காத கசெற் ஓடாதபடி செய்தது. யப்பானியப் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. ஆகவே தாய்வானிலும் சீனாவிலும் போலி செய்தவர்கள் யப்பானியப் பெட்டியின் 60 ஊசிக் கசெற்றையே பின்பற்றினார்கள்.

அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையகலப் பச்சைத் தகட்டின் நடுவில், தனித்தனிச் சில்லுகள் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்புப் பசைச் சொட்டு ஒன்று மட்டும் உறைந்திருக்கும். நின்ரெண்டோ இரண்டு பெரிய சில்லுகளில் செய்ததெல்லாம் அந்த ஒற்றைச் சொட்டுக்குள் அடங்கியிருந்தது. ஓரத்தில் 7805 என்ற மூன்றுகால் சீராக்கி இருக்கும். வெளியிலிருந்து வரும் 9 வோல்ற்றை அது 5 வோல்ற்றாக இறக்கித் தரும். 12 வோல்ற் வந்தாலும் தாங்கும், கொஞ்சம் கூடச் சுடும். அதனால்தான் மோட்டார் வாகனப் பற்றரி ஒன்றில் 12 வோல்ற் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியையும் கேம் பெட்டியையும் ஒன்றாகக் கொழுவி விளையாட முடிந்தது. இருவர் சேர்ந்து விளையாடும் கொன்ரா என்ற கேமில் முதலாமவன் நீலக் காற்சட்டை, இரண்டாமவன் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். எது என்னுடைய ஆள் என்று கண்டுபிடிக்க இருவரும் ஒருமுறை துள்ளிப் பார்த்துக்கொள்வார்கள். பற்றரி இறங்க இறங்கப் படம் சுருங்கும். அடுத்த நாள் சார்ஜ் பண்ணும் கடைக்குச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

போலிக் கசெற் செய்தவர்கள் மாரியோவின் முகப்பிலிருந்து நின்ரெண்டோவின் பெயரைப் பெரும்பாலும் அழித்துவிட்டிருந்தார்கள். கொன்ரா கொனாமியின் கேம் என்பதோ, கொனாமி என்று ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதோ எங்களில் பலருக்கு வளர்ந்தபின்தான் தெரியும். நின்ரெண்டோவுக்கு எங்களிடமிருந்து ஒரு சதமும் போகவில்லை. அதில் எனக்குப் பெருமையும் இல்லை, குற்றவுணர்வும் இல்லை, அந்த நிறுவனம் எங்கள் பக்கம் ஒரு பெட்டியும் அனுப்பியதில்லை. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: செய்த நிறுவனத்துக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கும் அதைத் தெரியாது, ஆனாலும் கசெற் கையில் இருந்தவரை கேம் ஓடியது.

கேம்களைப் பாதுகாப்பதில் நிறுவனங்களின் சாதனை சொல்லும்படி இல்லை. அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறநிலையம் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 க்கு முன்பு அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 வீதமானவற்றை இன்று கடையில் காசு கொடுத்து வாங்க முடியாது. சைலன்ற் ஹில் கேம்களைப் புதுப்பித்து 2012 இல் வெளியிட்டபோது கொனாமியிடம் அவற்றின் இறுதி மூலநிரல் இருக்கவில்லை. முடிவுறாத பழைய பிரதியிலிருந்து திரும்ப வேலை செய்ததனால் பிழைகள் மலிந்து, வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவின் மூலநிரல் 2012 இல் கிடைத்ததும் நிறுவனம் எதனுடைய களஞ்சியத்திலிருந்தும் அல்ல. அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் தந்தையார் வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு பெட்டி பழைய நெகிழ்வட்டுகளைக் கண்டெடுத்தார். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 இல் இறுவட்டுப் பிரச்சினையைத் தீர்க்கவென்று 2008 இல் யூபிசொஃப்ட் நிறுவனம் கொடுத்த திருத்தக் கோப்பு, பூட்டு உடைக்கும் ஒரு குழு செய்து பரப்பிய அதே கோப்பு என்பது. 2010 இல் ஸ்ரீம் என்ற இணையக் கடையில் விற்பனையான மக்ஸ் பெய்ன் 2 க்குள்ளும் அப்படியொரு குழுவின் முத்திரை கண்டுபிடிக்கப்பட்டது. கள்ளப் பிரதி என்று நீதிமன்றம் போகிறவர்கள், அவசரத்துக்குக் கள்ளரிடமே கடன் வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது கேம் கையில் இருக்கும் அந்த நிலையும் இல்லாமல் போகிறது. 2014 இல் வெளியான த குரூ என்ற காரோட்டக் கேமின் இணைய வழங்கியை (சேர்வரை) 2024 மார்ச் 31 ஆம் திகதி யூபிசொஃப்ட் நிறுத்தியது. தனியாக ஓட்டும் பகுதியும் வழங்கியை நம்பியே இருந்ததனால், காசு கொடுத்து இறுவட்டு வாங்கியவருக்கும் அன்று முதல் அது வெறும் வட்டு. யூபிசொஃப்ட் அப்போது திவாலாகவில்லை. சோனியின் கொன்கோர்ட் என்ற கேம் 2024 ஓகஸ்ட் 23 ஆம் திகதி வெளியாகி, செப்டெம்பர் 6 ஆம் திகதி நிறுத்தப்பட்டது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது அதில் ஒரு நாகரிகம். பிளேஸ்ரேஷன் 4 ஐயும் 5 ஐயும் செய்த சோனிக்கு அது சின்னத் தூசு. ட்ரீம்காஸ்ட்டை எடுத்துப் பாருங்கள்: செய்த நிறுவனம் கைகழுவிக் கால் நூற்றாண்டு கடந்தும், இறுவட்டைப் போட்டால் சோல் காலிபர் ஓடுகிறது, சேகா மூடிய இணைய வழங்கிக்குப் பதிலாக இரசிகர்களே தனி வழங்கி நடத்துகிறார்கள்.

வன்னியில் இருக்கிறவருக்கு இதை விளக்க நீண்ட உரை தேவையில்லை: உறுதிக் காணிக்கும் பெமிற் காணிக்கும் உள்ள வித்தியாசம்தான். பெமிற் காணியில் நீங்கள் கிணறு வெட்டலாம், தென்னை வைக்கலாம், பேரப்பிள்ளை காணலாம், ஆனால் நினைத்தபடி விற்க முடியாது, நிபந்தனை மீறினால் பெமிற்றை இரத்துச் செய்யும் அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது. இணையக் கடையில் "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தி எடுக்கும் கேம் பெமிற் வகை. அது வெறும் பயன்பாட்டு உரிமம் என்பதை வாங்குமுன் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2024 இல் சட்டமே இயற்றியது. கேம் பாஸ் அதற்கும் கீழே, போகத்துக்குப் போகம் குத்தகை.

இனி உங்கள் காசுக்கு வருவோம். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் மலிவாக அகப்படும், விட்டுவிடுங்கள். அதில் இறுவட்டுத் தட்டே இல்லை, கைமாறி வரும் கேம் எதையும் அதில் போட முடியாது. சீரிஸ் எக்ஸ் நல்ல பெட்டி, ஆனால் முதல் முறை இயக்கி வைக்க இணையம் கட்டாயம், பாவித்த இறுவட்டுகள் எங்கள் பக்கம் அரிது. நின்ரெண்டோ சுவிட்ச், முதலாவது, நல்ல தெரிவு: பெரும்பாலான கசெற்றுகளுக்குள் கேம் முழுதாக இருக்கிறது, கரண்ட் நின்றாலும் தன் பற்றரியில் ஓடும், கசெற் விலைதான் இறங்குவதேயில்லை. சுவிட்ச் 2 க்குப் போவதானால் கசெற் பெட்டியின் முகப்பைக் கவனித்து வாங்க வேண்டும். சில கசெற்றுகளில் கேம் இல்லை, திறப்பு மட்டுமே இருக்கிறது, கேமை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். பிளேஸ்ரேஷன் 5 இன் புதிய மெலிந்த வடிவத்தில் இறுவட்டுத் தட்டைத் தனியாகப் பூட்டலாம், பூட்டியபின் ஒருமுறை இணையத்தில் இணைத்துப் பதிவு செய்யாவிட்டால் அது வேலை செய்யாது.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் பாவித்த பிளேஸ்ரேஷன் 4 ஒன்றை வாங்குவேன். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இறுவட்டுகள் கைமாறுகின்றன, திருத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இணையம் இல்லாமலும் தனியாள் கேம்கள் ஓடும். ஒரு விடயத்தைக் கட்டாயம் பாருங்கள்: அதன் இயங்கு மென்பொருள் 9.00 அல்லது அதற்கு மேலாக இருக்க வேண்டும். அதற்கு முந்திய பதிப்புகளில், உள்ளே மணிக்கூட்டுக்கென்று வைத்திருக்கும் காசளவு பற்றரி செத்துவிட்டால், சோனியின் வழங்கியோடு ஒருமுறை தொடர்புகொள்ளும்வரை பெட்டி கேம்களை இயக்க மறுத்துவிடும். இரசிகர்கள் போட்ட சத்தத்தில் 2021 செப்டெம்பரில்தான் சோனி அதைத் திருத்தியது.

கணக்கு விடயத்திலும் அவதானம் தேவை. சோனியின் இணையக் கணக்கு திறக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. 2024 மே மாதத்தில் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமுக்கு அந்தக் கணக்கைக் கட்டாயமாக்க முனைந்தபோது, கணக்குத் திறக்க முடியாத 170 க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஸ்ரீமில் அந்தக் கேமின் விற்பனையே நிறுத்தப்பட்டது. உலகம் முழுவதும் எழுந்த எதிர்ப்பில் கணக்குக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். இங்கே எல்லோரும் வேறொரு நாட்டின் பெயரில்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள், அதுவும் நிறுவனம் கண்டுகொள்ளாதவரைக்கும்தான். ஆகவே "கணக்கில் ஐம்பது கேம் இருக்கிறது, அதற்கும் சேர்த்து விலை" என்று விற்பவர் சொன்னால் அந்த ஐம்பதுக்கும் ஒரு சதம்கூடக் கொடுக்க வேண்டாம். கணக்கு அவருடையது, நாளைக்குக் கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாம் போய்விடும். அவருடைய கணக்கை நீக்கிவிட்டுப் பெட்டியை உங்கள் கண்முன்னே ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தெரிந்தவரிடம் ஒரு இறுவட்டை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். வை-ஃபையை நிறுத்திவிட்டு இறுவட்டைப் போட்டு, தட்டு உரசும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்து, கேம் பதிந்து முடிந்து ஓடும்வரை பொறுத்திருந்து பார்த்தபின் காசை எண்ணிக் கொடுக்கலாம்.